லிகண்ட்–ரிசெப்டர் பட்டியலில் முதலிடம்: அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி. பிப்ரவரி 3

கட்டித் திசுவிலிருந்து எடுத்த ஒற்றைச் செல் ஆர்என்ஏ தரவு (எந்தச் செல்லில் எந்த மரபணு எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கு) கையில் இருக்கிறது. ஒரே மாதிரிச் செல்களைக் கிளஸ்டர்களாகப் பிரித்து, செல் வகைகளுக்குப் பெயர் வைத்து, செல்சாட் ஓட்டினேன். ஒரு செல் அனுப்பும் மூலக்கூறையும் (லிகண்ட்) இன்னொரு செல்லில் அதைப் பிடிக்கும் புரதத்தையும் (ரிசெப்டர்) ஜோடி சேர்த்து, எந்தச் செல் வகை எதனோடு பேசுகிறது என்று ஊகிக்கும் மென்பொருள் அது. டி செல்லிலிருந்து மேக்ரோபேஜுக்குப் போகும் தொடர்புகளில் எம்ஐஎஃப் (லிகண்ட்)–சிடி74 (ரிசெப்டர்) ஜோடி முதலிடத்தில் நிற்கிறது. பி-மதிப்பு (தற்செயலாகவே இவ்வளவு பெரிய எண் வரும் வாய்ப்பு) பூஜ்யம் என்றே காட்டுகிறது. "டி செல்கள் எம்ஐஎஃப் வழியாக மேக்ரோபேஜ்களைக் கட்டுப்படுத்துகின்றன" என்று முடிவுப் பகுதியில் எழுதப் போகிறேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

பிப்ரவரி 3, இரவு

உண்டு. அந்த வாக்கியத்தை இப்போதைக்கு எழுதாதீர்கள்.

நோயெதிர்ப்புச் செல்கள் கலந்த எந்தத் தரவை எடுத்து ஓட்டினாலும் எம்ஐஎஃப்–சிடி74 மேலே வந்துவிடுகிறது. ரத்தம், நுரையீரல், கட்டி, வீங்கிய மூட்டு என நான் பார்த்த தரவுகளில் அது மேலே வராத தரவுதான் அபூர்வம். எல்லா இடத்திலும் முதலிடம் பிடிக்கிற ஒன்று உங்கள் மாதிரியைப் பற்றித் தனியாக எதையும் சொல்லவில்லை.

ஏன் இப்படி வருகிறது என்று இரண்டு மரபணுக்களையும் தனித்தனியாகப் பாருங்கள். எம்ஐஎஃப் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் மரபணு. அதன் புரதத்தில் வெளியே அனுப்புவதற்கான சமிக்ஞைத் தொடர் கிடையாது. செல்லுக்குள்ளேயே தங்கியிருந்து, தூண்டல் வரும்போது வழக்கமான பாதைக்குப் புறம்பாக வெளியேறும் புரதம் அது. ஆக, எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான மரபணு நகல், நம் தரவு அளப்பது இதைத்தான்) நிறைய இருப்பதும் புரதம் வெளியே வருவதும் ஒன்றல்ல.

சிடி74 கதை இன்னும் சிக்கல். மேக்ரோபேஜ், பி செல், டெண்ட்ரிடிக் செல் எல்லாவற்றிலும் அது கொட்டிக் கிடக்கும். புரதத் துண்டுகளை (ஆன்டிஜென்) டி செல்லுக்குக் காட்டும் எம்எச்சி இரண்டாம் வகுப்பு மூலக்கூறுகளைச் செல்லுக்குள் கூட்டிப்போய்ச் சேர்ப்பதுதான் அதன் முதல் வேலை. பெரும்பகுதி உள்ளேயே இருக்கிறது, சிறு பங்குதான் மேற்பரப்பில் ரிசெப்டராக நிற்கிறது. அந்த ரிசெப்டர் வேலைக்கும் சிடி44 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதம் துணைக்கு வேண்டும். ஆகவே செல்சாட் வரைந்த உங்கள் படத்தில் டி செல்லிலிருந்து மேக்ரோபேஜுக்குப் போகும் தடித்த அம்பில் பெரும்பகுதி "மேக்ரோபேஜ் ஆன்டிஜென் காட்டும் செல்" என்ற ஊரறிந்த விஷயம்தான்.

பிப்ரவரி 4

"பி-மதிப்பு பூஜ்யம் வந்திருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பி-மதிப்பு எந்தக் கேள்விக்குப் பதில் என்று பார்க்க வேண்டும். இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான செல்ஃபோன்டிபி செய்வது இது: எல்லாச் செல்களின் கிளஸ்டர் பெயர்களையும் குலுக்கிப் போடும், வழக்கமாக 1000 முறை. ஒவ்வொரு முறையும் லிகண்டின் சராசரி, ரிசெப்டரின் சராசரி இரண்டையும் சேர்த்து ஒரு எண் எடுக்கும். உண்மையான பெயர்களோடு வந்த எண்ணை எட்டிய அல்லது தாண்டிய குலுக்கல்கள் மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதே பி-மதிப்பு. செல்சாட் கணக்கு வேறு. அது வேதிவினை வேகத்துக்கான நிறை வினை விதியைப் பின்பற்றி, ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும் ஹில் சார்பு வைத்து ஒரு நிகழ்தகவு எண் தருகிறது. ஆனால் பெயர்களைக் குலுக்கிச் சோதிக்கும் அடிப்படை இரண்டுக்கும் பொது.

அதாவது, சோதிக்கப்படுவது "இந்த ஜோடி இந்த இரண்டு கிளஸ்டர்களுக்கும் எவ்வளவு தனித்துவமானது" என்பது. "இந்தச் செல்கள் உண்மையில் தொடர்பு கொண்டனவா" என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள் நுழையவே இல்லை. ஒருவருக்கு வாய் இருக்கிறது, இன்னொருவருக்குக் காது இருக்கிறது. இருவரும் பேசினார்கள் என்பதற்கு இது சாட்சி ஆகாது.

பூஜ்யம் என்பதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. 100 முறை குலுக்கினால் 0.01க்குக் கீழே நுணுக்கமாக எதையும் அளக்க முடியாது, 1000 முறை குலுக்கினால் 0.001. அதற்குக் கீழே போவதை எல்லாம் பூஜ்யம் என்று அச்சடித்துவிடுகிறது. அந்தப் பூஜ்யத்துக்கு மயங்க வேண்டாம்.

பிப்ரவரி 4, பின்மாலை

அப்படியானால் எங்கே தொடங்குவது? கேட்கிற செல்லில், அதாவது சமிக்ஞையைப் பெறும் செல்லில், தொடங்குங்கள். இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்.

வைரஸ் தாக்கினால் செல்கள் சுரக்கும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரான் இதற்கு நல்ல உதாரணம். முதல் வகை இன்டர்ஃபெரான் படர்ந்த திசுவில் ஐஎஸ்ஜி15, ஐஎஃப்ஐடி1, எம்எக்ஸ்1 என்ற பதில் மரபணுக்கள் எல்லாம் எல்லாச் செல்களிலும் ஏறி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், இங்கே இன்டர்ஃபெரான் வந்து போயிருக்கிறது என்று. ஆனால் இன்டர்ஃபெரானைத் தயாரிக்கும் ஐஎஃப்என்பி1 மரபணுவைத் தேடினால் அனேகமாக ஒரு செல்லிலும் கிடைக்காது. சில செல்கள் மட்டும் சிறிது நேரம் சுரந்துவிட்டு ஓய்ந்துவிடுகின்றன, எம்ஆர்என்ஏ அழிந்துவிடுகிறது, நாம் மாதிரி எடுக்கும்போது விளைவு மட்டும் மிச்சம். லிகண்ட்–ரிசெப்டர் ஜோடியை மட்டும் தேடுகிற கருவி அங்கே "தொடர்பு இல்லை" என்று சொல்லும்.

டி செல் சுரக்கும் ஐஎல்-2 என்ற தூதுப் புரதத்தின் கதையும் இதே மாதிரி. தூண்டப்பட்ட பிறகு கொஞ்ச நேரம்தான் அந்த மரபணு ஓடும்.

இதில் வாசல் அளவும் (கணக்கில் சேர்வதற்கான குறைந்தபட்ச அளவு) சேர்ந்துகொள்கிறது. செல்ஃபோன்டிபியின் இயல்பு அமைப்பில், கிளஸ்டரில் 10% செல்களிலாவது மரபணு தெரிய வேண்டும். செல்சாட் இயல்பாகப் பயன்படுத்தும் டிரைமீன் சராசரியில் 25% செல்களுக்குக் குறைவாகத் தெரிந்தால் மதிப்பு பூஜ்யமாகிவிடும். சைட்டோகைன்கள் (செல்கள் சுரக்கும் தூதுப் புரதங்கள்) இயல்பிலேயே அபூர்வமாகத் தெரிபவை. ஒவ்வொரு செல்லையும் ஒரு சொட்டில் அடைத்துப் படிக்கும் சொட்டு முறை வரிசையாக்கம் செல்லில் உள்ள எம்ஆர்என்ஏவில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கிறது என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். நிறைய ஓடும் கொலாஜன், எம்ஐஎஃப் மேலே வர, உண்மையில் முக்கியமான சைட்டோகைன் வாசலிலேயே தள்ளப்பட்டுவிடும். 25ஐ 10க்கும் 5க்கும் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பட்டியல் எப்படி இடம் மாறுகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

பிப்ரவரி 6

நேற்று முன்தினம் எழுதியதற்கு ஓர் எல்லை கட்ட வேண்டும். "கேட்கிற செல்லைப் பார்" என்பது எல்லா லிகண்டுக்கும் இன்டர்ஃபெரான் போலச் சுத்தமாக வேலை செய்யாது.

நிச்நெட் என்ற மென்பொருள் இந்த யோசனையில்தான் நிற்கிறது. 2020-ல் நேச்சர் மெதட்ஸ் இதழில் வந்தது. லிகண்ட், ரிசெப்டர், உள்ளே ஓடும் சமிக்ஞைப் பாதை, கடைசியில் மாறும் மரபணுக்கள் என்று ஏற்கனவே தெரிந்த வலையை வைத்துக்கொண்டு, "இந்தச் செல்லில் மாறியிருக்கும் மரபணுக்களை எந்த லிகண்ட் அதிகம் விளக்குகிறது" என்று வரிசைப்படுத்துகிறது. திசை சரி. ஆனால் அழற்சியை மூட்டும் என்எஃப்-கப்பா-பி பாதைக்குள் டிஎன்எஃப்பும் நுழைகிறது, ஐஎல்-1பீட்டாவும் நுழைகிறது, பாக்டீரியாவின் பொருட்களும் நுழைகின்றன. கடைசியில் மாறும் மரபணுக்களில் பாதி பொதுவானவை. அதனால் நிச்நெட் தரும் முதல் பத்து லிகண்டுகள் பல நேரம் ஒரே குடும்பத்துப் பங்காளிகள் மாதிரி இருக்கும். எது உண்மையான காரணம் என்று அது மட்டும் சொல்லிவிடாது.

டிஜிஎஃப்-பீட்டா என்ற லிகண்டைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். டிஜிஎஃப்பி1 மரபணு ஏராளமான செல்களில் ஓடும். புரதம் வெளியே வரும்போது ஒரு மூடியோடு, செயலற்ற நிலையில்தான் வருகிறது. அந்த மூடியும் அதே மரபணுவிலிருந்து வந்த துண்டுதான். ஆல்ஃபா-வி பீட்டா-6, ஆல்ஃபா-வி பீட்டா-8 போன்ற இன்டெக்ரின்கள் (செல் மேற்பரப்பில் பிடிமானம் தரும் புரதங்கள்) பிடித்து விடுவித்தால்தான் அது வேலை செய்யும். அதன் பிறகு முதலில் டிஜிஎஃப்பிஆர்2-ல் ஒட்டும், அது டிஜிஎஃப்பிஆர்1-ஐச் சேர்த்துக்கொள்ளும், உள்ளே ஸ்மேட்2, ஸ்மேட்3 என்ற சமிக்ஞைப் புரதங்கள் பாஸ்பேட் ஏற்றிக்கொள்ளும். இவ்வளவு படிகளில் நம் தரவில் தெரிவது முதல் படியும் ரிசெப்டர் மரபணுக்களும் மட்டும். அதனால் நான் மூன்று கேள்வி வைத்துக்கொள்கிறேன். லிகண்ட் தெரிகிறதா? விடுவிக்கும் இன்டெக்ரின், அதாவது ஐடிஜிபி6 அல்லது ஐடிஜிபி8, பக்கத்தில் எந்தச் செல்லிலாவது தெரிகிறதா? கேட்கிற செல்லில் டிஜிஎஃப்-பீட்டா தூண்டும் செர்பின்இ1, ஸ்மேட்7 மரபணுக்கள் ஏறியிருக்கின்றனவா? மூன்றும் இருந்தால் நேரம் செலவிடத் தகுந்த விஷயம். முதலாவது மட்டும் இருந்தால் அந்த அம்பை அழித்துவிடுவேன்.

பல துண்டுகள் சேர்ந்த லிகண்டுகளிலும் ரிசெப்டர்களிலும் இதே கவனம் தேவை. ஐஎல்-12பி மட்டும் தெரிந்தால் அது ஐஎல்-12 ஆகவும் இருக்கலாம், ஐஎல்-23 ஆகவும் இருக்கலாம். துணைத் துண்டு ஐஎல்-12ஏவா, ஐஎல்-23ஏவா என்று பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது. செல்ஃபோன்டிபி, செல்சாட் இரண்டும் துண்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கின்றன. வெறும் ஜோடிப் பட்டியல் வைத்திருக்கும் பழைய முறைகள் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 7

எந்தக் கருவி சிறந்தது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஒன்றைச் சொல்ல மாட்டேன். 2022-ல், பல முறைகளை ஒரே இடத்தில் ஓட்ட வைக்கும் லியானா மென்பொருளின் குழுவினர் 16 லிகண்ட்–ரிசெப்டர் தரவுத்தளங்களையும் 7 முறைகளையும் ஒன்றோடொன்று மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பிட்டார்கள். தரவுத்தளம் மாறினாலும் முடிவு மாறுகிறது, முறை மாறினாலும் முடிவு மாறுகிறது. லியானாவிலேயே பல முறைகளை ஓட்டி வரிசைகளை ஒன்றுசேர்க்கலாம், நான் அப்படித்தான் தொடங்குகிறேன். ஆனால் எல்லா முறைகளும் ஒத்துக்கொண்டது என்பதையும் சான்றாக வைக்காதீர்கள். எல்லாம் ஒரே எம்ஆர்என்ஏ அளவைத்தான் தின்கின்றன.

தரவுத்தளங்களில் சாய்வும் இருக்கிறது. நோயெதிர்ப்பு, புற்றுநோய், வளர்ச்சிப் பாதைகள் பற்றி எவ்வளவு ஆய்வு நடந்ததோ அவ்வளவு ஜோடிகள் அவற்றில் உண்டு. யாரும் தேடாத பாதை பட்டியலில் இல்லை, அதனால் முடிவிலும் வராது. புரதமல்லாத தூதர்கள், அதாவது ஸ்டீராய்டுகள், ப்ராஸ்டாகிளாண்டின்கள், நரம்புக் கடத்திகள் எல்லாம் மரபணுவில் நேரடியாகத் தெரியாதவை. அவற்றைத் தயாரிக்கும் நொதிகளை வைத்து ஊகிக்கத்தான் வழி.

பிப்ரவரி 9

சுற்றுப்புற ஆர்என்ஏ பற்றி யாரும் பேசவில்லையே. பேசியாக வேண்டும்.

கல்லீரல் தரவு ஒன்றில் டி செல்களிலிருந்து குப்ஃபர் செல்களுக்கு (கல்லீரலின் மேக்ரோபேஜ்கள்) ஏபிஓஏ1–ஏபிசிஏ1 என்று ஒரு தடித்த அம்பு வந்தது. ஏபிஓஏ1 கல்லீரல் செல் சுரக்கும் புரதம், டி செல் எதற்காக அதைத் தயாரிக்கிறது? அதே டி செல்களில் கல்லீரல் செல்லின் இன்னொரு புரதமான அல்புமினைப் பார்த்தேன். அதுவும் இருந்தது. பி செல்லில் இருந்தது, ரத்தநாளச் செல்லில் இருந்தது, எல்லாவற்றிலும் இருந்தது. திசுவைப் பிரிக்கும்போது கல்லீரல் செல்கள் உடைந்து, அவற்றின் எம்ஆர்என்ஏ கரைசலில் கலந்து, ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சம் போய்விட்டது. காலிச் சொட்டுகளின் தரவை எடுத்துப் பார்த்தபோது அங்கேயும் முதல் இடத்தில் அல்புமின்தான்.

இந்தக் கலப்பைக் கழிக்கும் சூப்எக்ஸ் அல்லது செல்பெண்டர் மென்பொருளை ஓட்டிவிட்டுப் பிறகு தொடர்புக் கணக்கு போட்டால் அந்த அம்பு காணாமல் போகும். தொடர்புக் கணக்குக்கு இது மற்ற எந்த ஆய்வையும் விட முக்கியம், ஏனென்றால் லிகண்டுகளில் பல, ஒரு செல் வகை கொட்டோ கொட்டென்று கொட்டும் சுரப்புப் புரதங்கள். கரைசலில் அதிகம் கலப்பதும் அவைதான்.

ஒவ்வொரு முக்கிய அம்புக்கும் லிகண்ட் மரபணுவை, ஒத்த செல்களை அருகருகே காட்டும் யூமேப் படத்தில் நிறமிட்டுப் பாருங்கள். ஒரு கிளஸ்டரில் பளிச்சென்றும் மற்ற எல்லாவற்றிலும் மங்கலாகத் தூவினது போலவும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

பிப்ரவரி 10

சின்னக் குறிப்பு. திசுவைப் பிரிக்கும் நொதி வேலையே செல்களைத் தூண்டிவிடுகிறது. எஃப்ஓஎஸ், ஜேயூஎன் போன்ற உடனடி மரபணுக்கள் ஏறிவிடும். தசைத் தண்டுச் செல்களில் இதை 2017-லேயே காட்டிவிட்டார்கள். நீங்கள் "சமிக்ஞை" என்று பார்ப்பதில் ஒரு பங்கு உங்கள் 37 டிகிரி குழாயில் நடந்தது. நியூரான், கொழுப்புச் செல் போன்றவை முழுதாகப் பிழைப்பதே அரிது, அதற்கு உட்கருவை மட்டும் எடுத்துப் படிக்கும் உட்கரு வரிசையாக்கம்தான் வழி.

பிப்ரவரி 12

கேள்வி கேட்டவர் இன்னொரு தகவல் சேர்த்திருக்கிறார்: சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டிருக்கிறார், "தொடர்பு எண்ணிக்கை பின்னால் அதிகரித்தது" என்கிறார்.

எத்தனை நோயாளிகள்? செல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம், ஆனால் ஒரே ஆளின் செல்கள் ஒன்றுக்கொன்று சார்ந்தவை. எல்லா ஆட்களின் செல்களையும் ஒரே குவியலாக்கி ஒப்பிட்டால் ஒரு ஆளின் தனிப்போக்கு குழுவின் போக்காகத் தெரியும். ஒற்றைச் செல் தரவில் மரபணு ஒப்பீட்டுக்கே இந்தப் பிரச்சினை இருக்கிறது என்று 2021-ல் விரிவாகக் காட்டப்பட்டது. தொடர்புக் கணக்கில் இது இரட்டிப்பாகிறது, ஏனென்றால் இரண்டு கிளஸ்டர்களை ஒரே நேரத்தில் ஒப்பிடுகிறோம்.

ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக ஓட்டுங்கள். எத்தனை பேரில் அந்த அம்பு ஒரே திசையில் மாறுகிறது என்று எண்ணுங்கள். மொத்தத் தொடர்பு எண்ணிக்கை என்ற எண்ணை விட்டுவிடுங்கள். ஒரு கிளஸ்டரில் செல்கள் கூடினாலோ, வரிசையாக்க ஆழம் கூடினாலோ அந்த எண்ணும் கூடிவிடும்.

பிப்ரவரி 13

டப்ளெட் (ஒரே சொட்டில் மாட்டிய இரண்டு செல்கள்) பற்றி ஒருவர் எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. பல காலமாகப் புழங்கிய சொட்டு முறைக் கருவிகளில் பத்தாயிரம் செல்கள் பிடித்தால் சுமார் 8% சொட்டுகளில் இரண்டு செல்கள் இருக்கும். அவற்றை விலக்கிவிடுவது வழக்கம், விலக்கத்தான் வேண்டும். மேக்ரோபேஜும் டி செல்லும் ஒட்டிய டப்ளெட் தனிக் கிளஸ்டராக நின்றால், "தனக்குத்தானே பேசும் செல்" என்று கணக்கில் அபாரமான முடிவு வரும்.

ஆனால் அந்த ஒட்டலில் சில உண்மையானவை, திசுவிலேயே கட்டிப்பிடித்திருந்தவை. 2020-ல் வந்த பிக்-செக் முறை இதைத்தான் பயன்படுத்தியது. டி செல்லும் டெண்ட்ரிடிக் செல்லும் ஒட்டியிருக்கும் ஜோடிகளை இரண்டு நிற அடையாளங்களை வைத்துப் பொறுக்கி, ஜோடியாகவே வரிசையாக்கி, தனிச் செல்களின் கூட்டல் எப்படி இருக்க வேண்டுமோ அதோடு ஒப்பிட்டார்கள். கூட்டலில் இல்லாதது ஜோடியில் இருந்தால், அது சேர்ந்திருந்ததால் வந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனைகளில் ஒன்று இது. ஊகத்தை விட்டுவிட்டுத் தொட்டுக்கொண்டிருந்த செல்களையே கேட்கிறார்கள்.

பிப்ரவரி 16

"அப்படியானால் இந்தப் பட்டியல்களே வீண்தானா?" என்று கோபமாக ஒரு பதில் வந்திருக்கிறது. வீண் இல்லை. நான் இவற்றைத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன்.

செல்ஃபோன்டிபி வெளிச்சத்துக்கு வந்த 2018 கர்ப்பகால ஆய்வை எடுத்துப் படியுங்கள். முதல் மூன்று மாதக் கருப்பை, நஞ்சுக்கொடித் திசுக்களிலிருந்து சுமார் 70,000 செல்கள். கருவின் பக்கமிருந்து தாயின் திசுவுக்குள் நுழையும் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் எச்எல்ஏ-ஜி என்ற மேற்பரப்புப் புரதத்தைக் காட்டுகின்றன. தாயின் பக்கத்து இயற்கைக் கொல்லிச் செல்களில் ஒரு பிரிவில் அதைப் பிடிக்கும் ரிசெப்டர்கள் இருக்கின்றன. தாயின் உடல் கருவைத் தாக்காமல் எப்படிப் பொறுத்துக்கொள்கிறது என்ற பழைய கேள்விக்கு அந்தப் பட்டியல் துல்லியமான ஊகங்களைத் தந்தது. அங்கே மூன்று விஷயம் சேர்ந்திருந்தது: செல் வகைகளைப் புரதக் குறிகள் மூலமும் சரிபார்த்தார்கள், திசுத் துண்டுகளில் நிறமிட்டு இருப்பிடத்தைப் பார்த்தார்கள், ஏற்கனவே உயிரியலில் இருந்த ஒரு கேள்வியோடு பட்டியலை அணுகினார்கள். கேள்வி இல்லாமல் முதலிடத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு வரவில்லை.

பிப்ரவரி 18

சோதனை எப்படி வைப்பது என்று கேட்டதற்கு.

சுரந்து பரவும் தூதரா, தொட்டால்தான் வேலை செய்யும் தூதரா என்பதை முதலில் பிரியுங்கள். 0.4 மைக்ரோமீட்டர் துளை உள்ள சவ்வின் இரண்டு பக்கமும் இரண்டு செல் வகைகளை வளர்த்தால் கரைந்த புரதம் கடக்கும், செல் கடக்காது. அப்போதும் கேட்கிற செல்லில் மாற்றம் வந்தால் அது சுரப்பு. சேர்த்து வளர்த்தால் மட்டும் வந்தால் தொடுதல். டெல்டா (லிகண்ட்)–நாட்ச் (ரிசெப்டர்) ஜோடி இரண்டாவது வகை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: ஒரே செல்லில் டெல்டாவும் நாட்ச்சும் இருந்தால் அந்த நாட்ச்சை டெல்டா அடக்கிவிடலாம். தரவில் "தனக்குத்தானே சமிக்ஞை" என்று வருவது உண்மையில் அதற்கு நேர் எதிராக இருக்கலாம்.

அப்புறம் ரிசெப்டரைத் தடுத்துப் பாருங்கள். சிஎக்ஸ்சிஎல்12–சிஎக்ஸ்சிஆர்4 ஜோடி என்றால் அந்த ரிசெப்டரைத் தடுக்கும் பிளெரிக்சாஃபோர் இருக்கிறது, 2008 முதல் மருத்துவத்தில் தண்டுச் செல்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறக்கப் பயன்படும் மருந்து. அதைப் போட்டதும் நீங்கள் எதிர்பார்த்த மரபணுக்கள் இறங்குகின்றனவா? சிடி74 என்றால் அதைத் தடுக்கும் ஆன்டிபாடி வைத்து செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் இஆர்கே புரதத்தில் பாஸ்பேட் ஏறுவது நிற்கிறதா என்று பாருங்கள். மரபணு நீக்கம் இன்னும் உறுதி, ஆனால் சிடி74ஐ நீக்கினால் ஆன்டிஜென் காட்டும் வேலையும் கெட்டுவிடும், அதனால் அங்கே ஆன்டிபாடிதான் நல்லது.

பிப்ரவரி 21

ஸ்பேஷியல் தரவு (திசுவில் எந்த இடத்தில் எந்த மரபணு ஓடுகிறது என்று காட்டுவது) கிடைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். பாதி தீரும்.

அந்த வகைத் தரவு தரும் விசியம் முறையின் பழைய பதிப்பில் ஒரு புள்ளி 55 மைக்ரோமீட்டர் அகலம், புள்ளி மையங்களுக்கு இடையே 100 மைக்ரோமீட்டர். ஒரு புள்ளிக்குள்ளேயே பல செல்கள் இருக்கும், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளக்கப்படாத இடைவெளியும் இருக்கும். தொடுதல் வகைத் தொடர்புக்கு இது போதாது. மெர்ஃபிஷ், ஜீனியம் போன்ற வேறு முறைகள் செல் அளவில் காட்டும், ஆனால் முன்பே தேர்ந்தெடுத்த மரபணுக்களை மட்டும். உங்கள் லிகண்டும், ரிசெப்டரும், கேட்கிற செல்லில் ஏற வேண்டிய மரபணுக்களும் அந்தத் தேர்வுப் பட்டியலில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இருந்தால், லிகண்ட் காட்டும் செல்லிலிருந்து தூரம் கூடக்கூடக் கேட்கிற செல்லின் பதில் மரபணுக்கள் குறைகின்றனவா என்று வரைந்து பாருங்கள். எம்ஐஎஃப்புக்கு அந்தக் கோடு தட்டையாகவே கிடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எல்லாச் செல்லிலும் அது இருப்பதால். உங்கள் பட்டியலில் பத்தாவதோ இருபதாவதோ இடத்தில் இருக்கும் ஏதாவது ஒரு கீமோகைனுக்கு, அதாவது செல்களை ஈர்க்கும் தூதுப் புரதத்துக்கு, சரிவு தெரிந்தால், அடுத்த ஆறு மாத வேலையை அதன் மேல் வையுங்கள்.